மெதுவாகத் திறக்கிற பெட்டி

வீட்டுக்கு ஒரு துவக்கு வாங்கப் போவதாக என் மனுசன் சொன்னது, நான் நண்டு உடைத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆள் கெட்டிக்காரர். என் இரண்டு கையும் வேலையாக இருக்கிற நேரம் பார்த்துத்தான் பாரதூரமான விசயங்களை வாயிலிருந்து எடுப்பார்.

"இஞ்சேரும், நான் ஒரு பிஸ்டல் எடுக்கலாமெண்டு இருக்கிறன். விளையாட்டுக்குத்தான்."

"வடிவா எடுங்கோ. அப்ப நான் எங்க போய் இருக்கிறது எண்டும் சொல்லுங்கோ" என்றேன்.

நாங்கள் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். இவருக்குத் தொழிற்சாலையில் சிஃப்ட் வேலை, எனக்கு ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை. மகள் ஆஹென் நகரத்தில் தங்கிப் படிக்கிறாள். இவரோடு வேலை செய்கிற ஒரு ஜெர்மன்காரர், ஒரு சனிக்கிழமை சும்மா வந்து பார் என்று இவரைக் குறிபார்த்துச் சுடுகிற சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜெர்மன்காரர் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் தொடங்குவார்கள். எங்கள் ஆட்கள் மூன்று பேர் சேர்ந்தால் இருக்கிற சங்கத்தை இரண்டாக உடைப்பார்கள். இவருக்கு அங்கே போன பிறகுதான் உடையாத சங்கம் ஒன்றின் ருசி தெரிந்தது. பிறகு ஒரு சனிக்கிழமையும் வீட்டில் தங்குவதில்லை. பச்சை நிறத்தில் ஒரு யக்கற்றும் கொடுத்தார்கள். வயிற்றுக்கு மேலே பொத்தான் பூட்டுப்படாது, ஆனாலும் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பி நிற்பார்.

அதிசயம் என்னவென்றால், மனுசன் நன்றாகச் சுட்டார். குளிர்ப்பெட்டியைத் திறந்தால் கண்ணுக்கு முன்னால் இருக்கிற தயிரைக் காணாமல் என்னைக் கூப்பிடுகிற ஆள். இந்த ஆளா அந்தத் தூரத்தில் இருக்கிற கறுப்புப் பொட்டின் நடுவில் அடிக்கிறார் என்று எனக்கு நம்ப முடியவில்லை. அங்கே எல்லாரும் சொந்தத் துவக்கு வைத்திருந்தார்கள். இவர் மட்டும் சங்கத்துப் பொதுத் துவக்கை வாங்கிச் சுட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதுதான் இவருக்குக் குறை.

"அங்க என்னை ஒருத்தரும் நீ எந்த நாடு, எப்ப திரும்பிப் போவாய் எண்டு கேக்கிறேல்லை. கை நடுங்காம சுட்டாச் சரி. எனக்கெண்டு ஒண்டு இருந்தா நல்லது" என்றார்.

அதை அவர் கெஞ்சிச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு உள்ளே ஏதோ செய்தது. அதனால்தான் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பயம். எங்கள் ஊரில் துவக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. அது ஒரு வீட்டுக்குள் வந்தால் அதன் பின்னால் யாராவது வருவார்கள், வீட்டிலிருந்து யாராவது போவார்கள். அதை விட்டு ஓடி இவ்வளவு தூரம் வந்த பிறகு, கூப்பனில் விலைக்கழிவு வந்த சாமானைப் போல அதை நாங்களே வீட்டுக்குக் கொண்டு வருவதா? நான் இந்த வீட்டில் நிம்மதியாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இந்த நாட்டில் துவக்கு வாங்க முன்பே பெட்டி வாங்கியாக வேண்டும். பூட்டுகிற இரும்புப் பெட்டியைக் காட்டினால்தான் பொலிஸ் கந்தோரில் அனுமதி தருவார்கள். அதனால் சண்டை முதலில் பெட்டியில் தொடங்கியது.

இவர் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துக் கெட்டுப்போயிருந்தார். அதில் ஒருவன் கட்டிலில் படுத்திருப்பான். எங்கேயோ ஒரு சத்தம் கேட்கும். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிப் பக்கத்து மேசையில் இருக்கிற பெட்டியில் விரலை வைப்பான். பெட்டி டக்கென்று வாயைப் பிளக்கும். இவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"பாரும், ஒரு செக்கன் கூட இல்லை" என்றார்.

"உங்களுக்கு ஏனப்பா உந்த அவசரம்? ஆர் வரப் போகினம்? கீழ்வீட்டு மனுசி குப்பை பிரிச்சுப் போடேல்லை எண்டு வந்தா சுடப் போறீங்களோ?"

"சனிக்கிழமையில நான் பிந்திப் போறன் எல்லே. பெட்டியோட மினைக்கெடாம டக்கெண்டு எடுத்துக்கொண்டு வெளிக்கிடலாம்."

சனிக்கிழமையில் இவர் பிந்துவதற்குக் காரணம், கைபேசியோடு கழிவறைக்குள் போய் இருப்பது. அதற்கு எந்தப் பெட்டியாலும் மருந்து இல்லை. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. எனக்கு ஒரு நிபந்தனைதான் இருந்தது. பெட்டி திறக்கவே கூடாது. திறந்துதான் ஆக வேண்டுமென்றால் ஆகவும் மெதுவாகத் திறக்க வேண்டும். திறக்கிறவர் இடையில் அலுத்துப்போய்த் தேத்தண்ணி குடிக்கப் போய்விட வேண்டும்.

இப்படி, ஒருவருக்கு அவசரப் பெட்டியும் மற்றவருக்கு ஆறுதல் பெட்டியும் தேடிக்கொண்டு, நகரத்துக்கு வெளியே கட்டடச் சாமான் கடைகளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு இரும்புப் பெட்டிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் நெட்டையான, அமைதியான மனுசன். இவர் கைபேசியை நீட்டி அமெரிக்கக்காரனைக் காட்டினார்.

கடைக்காரர் முழுவதும் பொறுமையாகப் பார்த்தார். "இது சில்லறைக் காசு போடுகிற பெட்டி. இங்கே இதற்குள் துவக்கு வைத்தால் உங்கள் அனுமதி போய்விடும்" என்றார்.

எனக்கு அந்த மனுசனை உடனே பிடித்துவிட்டது.

பிறகு சட்டத்தில் சொன்ன தரத்தில் இருந்த பெட்டிகளைக் காட்டினார். எல்லாம் மாட்டுக்கன்று அளவு, மாட்டைவிடப் பாரம். ஒன்றுக்குச் சாவி இருந்தது. இவர் சாவிப் பெட்டியே போதும் என்றார். கடைக்காரர் தலையை ஆட்டினார். சாவியை மேசை லாச்சிக்குள் போட முடியாதாம். சாவியையும் இதே தரத்தில் இன்னொரு பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டுமாம்.

"அப்ப அந்தப் பெட்டியின் சாவி?" என்று நான் கேட்டேன்.

"அதனால்தான் இலக்கப் பூட்டு வாங்கச் சொல்கிறேன்" என்றார்.

எனக்கு அந்தச் சட்டம் நன்றாகப் பிடித்தது. பெட்டிக்குள் சாவி, அந்தச் சாவிக்கு ஒரு பெட்டி என்று வீடு முழுக்கப் பெட்டி நிறைந்துவிட்டால் துவக்கு வைக்க இடமே இருக்காது. நான் துணிந்து கேட்டுவிட்டேன்: "மெதுவாகத் திறக்கிற பெட்டி ஏதாவது உண்டோ?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். "பெற்றோல் நிலையங்களுக்கு ஒரு வகை இருக்கிறது" என்று மெல்லச் சொன்னார். "இலக்கத்தை அடித்த பிறகு பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கொள்ளைக்காரர்கள் சலித்துப் போவதற்காக."

"இருபது நிமிடத்துக்கு வைக்க ஏலுமோ?"

"உமக்கென்ன விசரே?" என்று இவர் தமிழில் சீறினார். "நான் சங்கத்துக்குப் போய்ச் சேர போட்டி முடிஞ்சிடும்."

"முடியட்டுமன்."

கடைக்காரருக்குத் தமிழ் விளங்காது. ஆனால் புருசன் பெண்சாதிச் சண்டை விளங்குவதற்கு எந்தப் பாசையும் தேவையில்லை. அவர் ஒரு கதிரையை இழுத்து என் பக்கம் போட்டுவிட்டு, விரலடையாளத்தில் திறக்கிற பெட்டியைக் காட்டினார். அமெரிக்கப் பெட்டி போல இல்லை, எல்லாம் சட்டப்படிதான். ஆனால் விரைவாகத் திறக்கும் என்றார். தன் பெருவிரலை வைத்தார். டக். கதவு துள்ளித் திறந்தது. உள்ளே, காட்சிக்கு, சிவப்புப் பிளாஸ்ரிக்கில் ஒரு பிஸ்டல் தொங்கியது.

பிளாஸ்ரிக் என்று கண்ணுக்குத் தெரிந்தது. என் பயத்துக்குத் தெரியவில்லை. காதுக்குள் இரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கடையில் என்ன நடந்தது என்று எனக்கு வடிவாக நினைவில்லை. வெளியே காருக்குள் வந்து இருந்தபோது, அந்த அவசரப் பெட்டியை இவர் வாங்கிவிட்டார் என்பது மட்டும் விளங்கியது. நான் தோற்றுப்போனேன். இவர் ரோட்டை மட்டும் பார்த்துக் காரை ஓட்டினார், வெற்றி வந்த மிதப்பில் இருக்கிறார் என்று நினைத்து எரிச்சல்பட்டேன்.

பெட்டி வந்து இறங்கியது. எங்கே வைப்பது என்று அடுத்த சண்டை. படுக்கிற அறையில் ஏலாது. சாமி அறையில் வைத்தால் சாமி வெளியே போய்விடும். குசினியில் வைத்தால் நான் வெளியே போய்விடுவேன். கடைசியில் பெட்டியை ஏற்றி வந்தவர்கள் மகளின் அறைக்குள் தள்ளிச் சுவரோடு சேர்த்து ஆணி முடுக்கினார்கள்.

சில வாரம் கழித்து ஒரு நாள், இவர் பூட்டுப் போட்ட கறுப்புக் கைப்பெட்டி ஒன்றோடு வந்தார். "வந்திட்டுது. நீர் குசினிக்குள்ள நில்லும்" என்றார். நான் குசினிக் கதவைச் சாத்தி, சத்தம் கேட்காமல் இருக்க அடுப்புக்கு மேலே இருக்கிற புகைபோக்கியை முழு வேகத்தில் போட்டுவிட்டு, சிவபுராணம் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து அந்த அறைப் பக்கம் நான் போகவில்லை. தூசி உறிஞ்சி அந்த வாசலோடு நின்றுவிடும். உடுப்பு மினுக்குகிற பலகை உள்ளே அகப்பட்டுவிட்டதால் இவர் சுருங்கிய சேட்டோடு வேலைக்குப் போனார். மகள் வந்தால் சோபாவில் படுத்தாள். சண்டை பிடிப்பதென்றாலும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் பிடித்தோம். துவக்குக்குக் கேட்கிற மாதிரிச் சண்டை பிடிக்க எனக்குத் துணிவில்லை. அறைக் கதவில் வைரவர் படம் ஒன்றை ஒட்டி, காவலுக்கு அவரை நியமித்தேன். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு உளுந்து வடை சுட்டு மாலை கட்டிச் சாத்தினேன்.

நிம்மதி மட்டும் வரவில்லை. போதாததற்கு, இரும்புப் பெட்டிக் கதை எங்கள் ஆட்களுக்குள் பரவி, வீட்டில் அவ்வளவு நகை இருக்கிறது என்று ஆகிவிட்டது. தெரிந்த அக்கா ஒருவர் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக முன் தாலிக்கொடியைக் கொண்டு வந்தார், உங்கட பெட்டிக்குள்ள ஒரு மூலையில வையுங்கோ என்று. சட்டப்படி ஏலாது, எனக்கே அதைத் திறக்கத் தெரியாது என்றேன். அக்கா நம்பவில்லை. மனுசன் பெண்சாதிக்குத் தெரியாமல் பெட்டி வைத்திருப்பாரோ என்று கேட்டுவிட்டுப் போனவர், பிறகு என்னோடு கதைக்கவில்லை.

இதற்கிடையில் இவருடைய சீனியும் கொழுப்பும் ஏறத் தொடங்கின. டொக்டர் பலகாரத்தையும் எண்ணெயையும் தொடவே கூடாது என்றார். நான் சோற்றைக் குறைத்துக் குரக்கன் பிட்டு அவித்துக் கொடுத்தேன். வைரவரின் வடையிலும் ஒன்றுதான் கொடுப்பேன், மிச்சத்தைக் கோயில் ஆட்களுக்குக் கொடுக்கச் சொல்லி இவரிடம் கட்டிக் கொடுப்பேன். அப்படியும் சீனி இறங்கவில்லை. எல்லாம் அந்தத் துவக்கு வீட்டுக்குள் வந்த நேரம் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. இவரிடம் சொன்னேன். அவர் குரக்கன் பிட்டைப் பார்த்தபடி, "இருக்கலாம்" என்றார்.

பொலிசார் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியைச் சோதிக்க வருவார்கள், சீருடை இல்லாமலும் வருவார்கள் என்று இவரே ஆரம்பத்தில் சொல்லியிருந்தார். நான் ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். ஒரு காலை மணி அடித்தது. திறந்தால், நீல யக்கற்றும் கழுத்தில் தொங்குகிற அட்டையும் கையில் ஒரு கருவியுமாக ஒரு இளம் ஜெர்மன்காரர்.

"எல்லா அறைகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும்" என்றார்.

எங்கள் தலைமுறை ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. கழுத்தில் அட்டை தொங்கவிட்டு யாராவது வாசலில் நின்றால், ஏன் வந்தீர்கள் என்று கேட்க வராது. அவர் கேட்க முன்பே எங்களிடம் இருக்கிறதை எல்லாம் எடுத்துக் காட்டிவிடுவோம். அகதி விண்ணப்பம் கொடுத்து வருடக்கணக்காகக் காத்திருந்த காலத்தில் பிடித்த பழக்கம். ஒன்றைக் காட்டாமல் விட்டால் அதைத்தான் பிடிப்பார்கள் என்று ஒரு பயம். கீழே படிக்கட்டில் வீட்டு நிர்வாகம் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்ததாம். நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அட்டையைக் கண்ட கணத்தில் மறந்திருப்பேன்.

"வாங்கோ, வாங்கோ, நேரே இங்கேதான்" என்று ஜெர்மனில் சொல்லி, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டு, பதில் வர முன்பே மகளின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் கதவை நானே திறந்தேன்.

அவர் உள்ளே வந்து மேலே கூரையைப் பார்த்தார். ஒரு தடியை நீட்டி அங்கே இருந்த வட்டமான வெள்ளைச் சாமானை அமர்த்தினார். அது கீச்சிட்டது. நான் துள்ளிவிட்டேன்.

"அது இல்லை. பெட்டி இங்கே" என்றேன்.

"என்ன பெட்டி?"

தெரியாத மாதிரிக் கேட்டு என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். "துவக்குப் பெட்டி. என் மனுசனின் பிஸ்டல் உள்ளே இருக்கிறது. இப்போது திறந்து காட்டுவார்."

அந்தப் பிள்ளை தடியோடு ஒரு அடி பின்னால் போனார். "தேவையில்லை" என்றார். "உண்மையாகவே தேவையில்லை."

"இல்லை, வடிவாகப் பாருங்கள். நாங்கள் ஒன்றையும் ஒளிப்பதில்லை."

சத்தம் கேட்டு இவர் அரைவாசி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தார். "இஞ்சேரும், உவர் புகை வந்தா அடிக்கிற மணி பாக்க வந்தவரப்பா. உவருக்கு ஏன் உதைக் காட்டுறீர்?"

"திறவுங்கோ."

"ஏலாது."

"பொலிஸ்காரனுக்கு முன்னால ஏலாது எண்டு சொல்லுறீங்கள். உங்கட அனுமதி போகப் போகுது. திறவுங்கோ."

நாங்கள் தமிழில் கத்துகிறோம். இவருடைய முகத்தில் நுரை. புகை மணிப் பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையையும் கொஞ்சம் உயர்த்தி, "நான் போகலாமா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். இவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும், இந்தப் பிள்ளை கீழே இறங்கிப் போய் உண்மையான பொலிசைக் கூப்பிடப் போகிறது என்று. "பயப்பட வேண்டாம், உள்ளே துவக்கு இல்லை" என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டே பெருவிரலை வைத்தார். டக்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு எண்ணெய் வாசம் வந்தது.

மேல்தட்டில் வைரவரின் உளுந்து வடை, கடுதாசியில் சுற்றி. கீழ்த்தட்டில் ஒரு தகர ரின் நிறைய அரியதரம், ஒரு ரின் நிறையப் பயத்தம் பணியாரம். துவக்குக் குண்டு வைக்கிற சின்ன லாச்சிக்குள் வெள்ளைக்காரக் கடைச் சொக்கிலேற்று. கறுப்புக் கைப்பெட்டியும் இருந்தது. அதற்குள் தமிழ்க்கடைப் பை.

புகை மணிப் பிள்ளை குனிந்து இரண்டு தட்டையும் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார். இவர் மரியாதைக்கு ஒரு அரியதரத்தை நீட்டினார். அவர் அதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மற்ற அறைகளின் மணிகளையும் அமர்த்திப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்கு என்று சொல்லிப் போனார்.

நான் பெட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். "துவக்கு எங்க?"

"வாங்கேல்லை."

"அண்டைக்கு வந்திட்டுது எண்டனீங்கள்?"

"பலகாரம் வந்தது."

"அப்ப சனிக்கிழமையில?"

"சங்கத்துத் துவக்குத்தான். அனுமதிக்கு நான் எழுதிக் குடுக்கவே இல்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை மாதம் பயந்து, மகளைச் சோபாவில் படுக்க வைத்து, ஒரு அக்காவைப் பகைத்து, வைரவரை அவருடைய வடைக்கே காவல் வைத்திருக்கிறேன். "ஏன்? அந்தப் பிஸ்டல் வேணுமெண்டு எவ்வளவு நிண்டனீங்கள்?" என்றேன்.

இவர் முகத்து நுரையைக் கையால் துடைத்தார். "அந்தக் கடையில கதவு டக்கெண்டு திறக்கேக்க நீர் என்ர கையப் பிடிச்சனீர்."

"நான் பிடிக்கேல்லை."

"பிடிச்சனீர். காருக்கு வருமட்டும் விடேல்லை, நான் ஒற்றைக் கையாலதான் பெட்டிக்குக் காசு கட்டினனான். கலியாணம் கட்டின நாளிலயிருந்து ஆக்களுக்கு முன்னால நீர் என்ர கையப் பிடிச்சதில்லை. பிள்ளை பிறக்கேக்க கூட நீர் ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியத்தான் பிடிச்சனீர். அண்டைக்கு பிடிச்சனீர் எண்டா எவ்வளவு பயந்திருப்பீர். பிறகு நான் எப்பிடி அதைக் கொண்டு வாறது?"

"அப்ப எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீர் வெண்டுபோடுவீர்."

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. ஒரு வடையை எடுத்துக் கடித்தேன். கடித்த பிறகுதான் அழுகை வந்தது. வடை வாய்க்குள் இருந்ததால் வடிவாக அழவும் முடியவில்லை. இவர் பக்கத்தில் இருந்து, தானும் ஒன்று எடுக்கலாமா என்கிற மாதிரிப் பார்த்தார். நான் முறைத்தேன். கையை இழுத்துக்கொண்டார்.

"அங்க எல்லாரும் தங்கட துவக்கோட நிக்கேக்க உங்களுக்கு ஒரு மாதிரி இல்லையோ?" என்று கேட்டேன்.

"இருக்கும்தான்" என்றார். "பரவாயில்லை."

அடுத்த சனிக்கிழமை காலை கார் திருத்தக் கொடுத்திருந்தது. இவர் பச்சை யக்கற்றோடு பஸ்ஸுக்குப் போக, நானும் சாமான் வாங்கக் கூடவே வந்தேன். பஸ் தரிப்பு தமிழ்க்கடைக்கு முன்னால். சனிக்கிழமை என்றால் அங்கே எங்கள் ஆட்கள் நிறைய. கதைக்காத அக்காவும் வாசலில் நின்றார். நான் இவருடைய கையைப் பிடித்தேன்.

மனுசன் அப்படியே விறைத்துப்போனார். காது சிவந்துவிட்டது. "விடும், விடும், ஆக்கள் பாக்கினம்" என்றார் பல்லுக்குள்.

பஸ் வரும்வரை நான் விடவில்லை.